ஒரு லிட்டர் கடல்நீரும் 5 கிராம் சிப்பியும்

இயற்பியல் மாற்றத்துக்கும் வேதியியல் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டும் இரண்டு சோதனைகள் இவை. கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தண்ணீர் மொள்ளும்போது கெடிலம் ஆறு கடலில் விழும் பக்கம் போகாதீர்கள். ஆற்றுநீர் கலந்து அங்கே உப்பு குறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் எடுத்த ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும்; சமையல் உப்பான சோடியம் குளோரைடு மட்டும் 27 கிராம்.

வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். அலுமினியம் வேண்டாம், உப்பு அதை அரித்துவிடும். 200 மி.லி.யாகச் சுண்டும்போது அடியில் மாவு போல வெள்ளையாகப் படியும். அது ஜிப்சம். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது; இங்கே மறுபடி வடிகட்டாவிட்டால் உப்பு நறநறக்கும்.

100 மி.லி. அளவுக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தொடர்ந்து கொதித்தால் சூடான உப்பு தெறிக்கும், கிடைப்பதும் வெறும் தூள்தான். அகலமான பீங்கான் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். மேலே மிதக்கும் சதுரச் சில்லுகளை உற்றுப் பாருங்கள்: ஓரம் உயர்ந்து நடு பள்ளமாக, தலைகீழ்க் கோபுரம் போல இருக்கும். கனம் கூடியதும் மூழ்கும். முழுக்க வற்றவிடாமல், கடைசி 25 மி.லி. கசப்பு நீரைக் கொட்டிவிடுங்கள். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பை நசநசக்க வைக்கும். தேறுவது 20 கிராம் போல இருக்கும். சமையலில் சேர்க்க வேண்டாம். தண்ணீரில் இருந்த அதே உப்புதான் வெளியே வந்தது. புதுப் பொருள் உண்டாகவில்லை. இது இயற்பியல் மாற்றம்.

அதே மணலில் பொறுக்கிய சிப்பியின் கதை வேறு. கழுவிக் காயவைத்து இடித்த 5 கிராம் தூளுக்கு 4 சதவீத வினிகர் 150 மி.லி. தேவை. குறைந்தால் சிப்பி மிஞ்சும். எலுமிச்சைச் சாறு சரிப்படாது. கால்சியம் சிட்ரேட் மேலே படிந்து நுரைப்பதை மந்தமாக்கிவிடும். இரண்டையும் பாட்டிலில் சேர்த்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு நுரைத்து வரும்; பாட்டிலை இறுக மூடினால் வெடிக்கும்! மூடியில் துளையிட்டு, குளுக்கோஸ் டியூபைச் செருகி, சுற்றிலும் மெழுகு வையுங்கள்.

டியூபின் மறுமுனை தெளிந்த சுண்ணாம்பு நீரில் இருக்கட்டும். முந்தின இரவே நெல்லிக்காய் அளவு வெற்றிலைச் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரில் கலக்கி மூடி வைத்து, காலையில் கலங்காமல் மேல்நீரை இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படக்கூடாது. வாயு ஏற ஏற நீர் பால்போல வெளுக்கும். நெடுநேரம் விட்டால் திரும்பத் தெளிந்துவிடும், பைகார்பனேட்டாக மாறிக் கரைவதால்; வெளுத்ததும் டியூபை எடுத்துவிடுங்கள்.

அந்த வெள்ளை, கால்சியம் கார்பனேட். கரைந்துபோன சிப்பியும் அதே பொருள்தான். 'திரும்ப வந்தால் இயற்பியல் மாற்றம்' என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். வினிகர் வேறு பொருளாக்கியது, சுண்ணாம்பு நீர் பழையபடி ஆக்கியது. இரண்டுமே வேதியியல் மாற்றங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கல்லாக இறுகியதும் இதே வினையால்தான்.