கோலாலம்பூரில் வீடு பார்க்கப் போனால் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்

கோலாலம்பூருக்கு வந்து இறங்கி வீடு தேடும்போது நாம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். எல்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம், பக்கத்தில் நம் ஊர் மளிகைக் கடை உண்டா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா, டெபாசிட் எத்தனை மாதம். நானும் அதையேதான் கேட்டேன். செந்தூலில் எடுத்த முதல் வீட்டில் ஹாலின் கூரையில் வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி இருந்தது. ஏஜென்ட் அதைக் கைகாட்டி, "ஸ்மோக் அலாரம்கூட இருக்கு பாருங்க" என்றார், நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலையில் எழுந்தால் வீடு முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். இரவெல்லாம் செருகியே வைத்திருந்த மலிவு சார்ஜர் உருகி எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சுவரில் கையகலத்துக்குக் கறுப்பு. கூரைப் பெட்டி முனகக்கூட இல்லை. நாற்காலி போட்டு ஏறித் திருகிக் கழற்றினேன். உள்ளே பேட்டரி இல்லை, உடைந்த பல்லி முட்டை ஓடு ஒன்றுதான் கிடந்தது. பின்பக்கம் அச்சடித்திருந்த தயாரிப்பு ஆண்டைப் பார்த்தால் பதினான்கு வருடப் பழசு.

வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் விசாரித்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது, அந்தப் பெட்டியை வைத்தே ஆக வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மலேசியாவில் கட்டடங்களின் தீப் பாதுகாப்பை 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களும் (யூபிபிஎல் என்பார்கள்) 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைகள் சட்டமும் பார்த்துக்கொள்கின்றன. எந்தக் கட்டடத்தில் என்ன கருவி வேண்டும் என்பது அதன் உயரம், பரப்பு, பயன்பாட்டைப் பொறுத்தது. ஹோட்டல், மருத்துவமனை, பெரிய விடுதி மாதிரியான இடங்களுக்கு பொம்பாவிடம், அதாவது தீயணைப்பு மீட்புத் துறையிடம், தீச் சான்றிதழ் வாங்கி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு குடும்பம் குடியிருக்கும் சாதாரண டெரஸ் வீட்டுக்குள் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு) ஸ்மோக் அலாரம் இருந்தே தீர வேண்டும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதாகப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது, பேச்சுதான்.

இங்கிலாந்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருபவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். இங்கிலாந்தில் 2015 முதல் வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் வீட்டுக்காரர் ஸ்மோக் அலாரம் வைத்தாக வேண்டும். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்கு அது கட்டாயம். அந்தப் பழக்கத்தில் "எப்படியும் வைத்திருப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஊரிலிருந்து நேராக வருபவர்களுக்கோ இப்படி ஒன்று வீட்டில் இருக்கலாம் என்பதே தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

காண்டோவில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், இருப்பவர்கள் சொல்வது வேறு மாதிரி: "எங்கள் காரிடாரிலேயே இருக்கிறதே." இருக்கும். ஆனால் அது வேறு சரக்கு. அது வெறும் உணர்வி (சென்சார்), கீழே கட்டுப்பாட்டு அறையிலுள்ள பேனலுக்குச் செய்தி அனுப்பும், அங்கிருந்துதான் மணி அடிக்கும். அதைப் பராமரிப்பது நிர்வாகத்தின் வேலை, அதற்குத்தான் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கட்டுகிறோம். உங்கள் படுக்கையறையில் மெத்தை புகைந்தால், அந்தப் புகை அறைக் கதவைத் தாண்டி, வாசல் கதவைத் தாண்டி காரிடாருக்கு வரும்வரை அதற்கு ஒன்றும் தெரியாது. சில புதிய கட்டடங்களில் வீட்டுக்குள்ளும் வெப்ப உணர்வியோ ஸ்பிரிங்க்ளரோ இருக்கும், எது இருக்கிறது என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மணி அடித்தால் என்ன நடக்கிறது என்றும் ஒருநாள் கவனியுங்கள். எங்கள் மாடியில் எல்லோரும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, திரும்ப சாத்திக்கொள்வோம்.

ஆக, நாமே வாங்குவதுதான் வழி. குடும்பத்தோடு ஒருவேளை வெளியில் சாப்பிடும் காசுதான் ஆகும். தானே கத்தும் சைரன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பேனலில் இணைக்கிற வகையைத் தவறி வாங்கிவிட்டால் அது கூரையில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வகை உண்டு. அயனி வகையில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும், திடீரென்று கொழுந்துவிட்டு எரியும் தீயை அது வேகமாகப் பிடிக்கும். ஒளி வகையில் உள்ளே ஒரு சின்ன ஒளிக்கற்றை, புகை நுழைந்து அந்த ஒளியைச் சிதறடித்ததும் கத்தும். வயர், மெத்தை, சோபா மாதிரி மெல்லப் புகைகிற தீயை முதலில் பிடிப்பது இதுதான், தாளிப்புப் புகைக்கு அனாவசியமாகக் கத்துவதும் குறைவு. நம் வீடுகளுக்கு இதுவே சரி. பேட்டரி மாற்றவே வேண்டாத, பத்து வருட லித்தியம் உள்ளே வைத்து மூடிய மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுங்கள். பேட்டரி குறைந்ததும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை "கீச்" என்று கத்தும், அந்தக் கீச்சு தாங்காமல்தான் எனக்கு முன் குடியிருந்தவர் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். எந்த மாடலாக இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், உள்ளே உணர்வி மந்தமாகிவிடும்.

மாட்டும் இடம்தான் பெரிய விஷயம். புகை மேலே போகும், அதனால் கூரை. படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று கட்டாயம், முடிந்தால் அறைக்குள்ளும். மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒன்று. அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். இங்கே எல்லா வீட்டிலும் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், அதன் இறக்கைக்கோ ஏர்கான் காற்றுக்கோ ஒரு மீட்டருக்குள் மாட்டினால் காற்றே புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் சாமி மாடம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில் ஹால் நடுவில் மாட்டினால் வாராவாரம் கத்தும், மூன்றாவது வாரம் யாராவது பேட்டரியை எடுத்துவிடுவார்கள், பிறகு அது திரும்ப உள்ளே போகாது. நான் ஹாலை விட்டுப் படுக்கையறைகளுக்கு முன்னாலுள்ள நடையில் மாட்டியிருக்கிறேன், சாம்பிராணி நேரத்தில் பால்கனிக் கதவைத் திறந்து வைப்பேன், தொல்லை இல்லை. ஒரு விஷயம், கேஸ் கசிவை இது பிடிக்காது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தவழும், அதற்கான கருவி தனி, அதைத் தாழ்வாக மாட்ட வேண்டும்.

கூரையில் துளை போடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் வீட்டுக்காரரிடம் வாட்ஸாப்பில் ஒரு வரி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டுகிற மாடல்களும் இருக்கின்றன. ஒப்பந்தம் போடும்போதே "ஸ்மோக் அலாரம் வீட்டுக்காரர் பொறுப்பு, பேட்டரி குடியிருப்பவர் பொறுப்பு" என்று சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்று எண்ணி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு மறுப்பதில்லை. வீட்டுக்காரரின் காப்புறுதி கட்டடத்துக்குத்தான், உங்கள் சாமானுக்கு வேறு பாலிசி.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கடைவீட்டு மாடியில் பிளைவுட் தடுத்த அறைகளில் தங்கும் தம்பிகள் கவனிக்க வேண்டியது: ஜன்னல் இல்லாத அறை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முதலாளி கொடுத்த தங்குமிடம் என்றால் அதற்கு, தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 446-ஆம் சட்டத்தின்படி, தொழிலாளர் துறையின் சான்றிதழ் இருக்க வேண்டும். 2020 ஜூன் முதல் இது எல்லாத் துறைக்கும் பொருந்தும், உணவகம், முடிதிருத்தும் கடை உட்பட. இருக்கிறதா என்று கேளுங்கள்.

அலாரம் கத்திய பிறகு வெளியே போக வேண்டுமே, அதற்கு கிரில். இந்த ஊரில் கதவுக்கு வெளியே இரும்புக் கிரில், ஜன்னலுக்கும் கிரில், எல்லாவற்றுக்கும் பூட்டு. திருடனுக்குப் பயந்து வைத்தது. 2017 செப்டம்பரில் டத்தோ கெராமாட் பகுதியில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள், ஜன்னல்களில் கிரில் இருந்ததால் அந்த வழியாக வெளியே வர முடியவில்லை. ஆகவே வீடு பார்க்கும்போதே ஒரு ஜன்னல் கிரில்லாவது உள்ளிருந்து திறக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். இரவில் கண்ணை மூடிக்கொண்டு படுக்கையிலிருந்து கிரில் சாவிவரை ஒரு தடவை நடந்து பாருங்கள். நான் நடந்து பார்த்தபோது சாவி சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. இப்போது வாசல் கதவுக்கு உட்புறம் ஒரு ஆணியில் தொங்குகிறது, வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரத்தில், மகளுக்கு எட்டுகிற உயரத்தில். அவளுக்கு 999-ம் தெரியும், மலாயில் "ருமா தெர்பாகார்" (வீடு தீப்பிடித்துவிட்டது) என்று சொல்லவும் தெரியும்.