நெடுந்தூரம் ஓடுகிறவர் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்க வேண்டிய நாள்

போன தை மாதம், தியாகராஜர் ஆராதனைக் கூட்டம் கலைந்த ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை மூன்றரைக்குத் திருவையாற்றில் கிளம்பி, காவிரிக் கரையோரமாகக் கல்லணையை நோக்கி 25 கிலோமீட்டர் ஓடி அப்படியே திரும்பினேன். செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றில் லேபுக்குப் போனேன். இரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 60, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 52, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 118. நான்கு வருஷமாக 150-க்குக் கீழே வராத எல்.டி.எல்.! வீடு முழுக்கக் காட்டினேன். டாக்டர் மட்டும் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். ட்ரைகிளிசரைடு 120, எல்.டி.எல். 156.

அதனால் சொல்கிறேன்: பெரிய ஓட்டம் முடிந்து பத்து நாளாவது போகட்டும், பிறகு ஊசி குத்திக்கொள்ளுங்கள். தசையில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்றொரு நொதி இருக்கிறது. நீண்ட ஓட்டம் அதை முடுக்கிவிடும். காய்ந்த வயலில் மடை திறந்த மாதிரி, தசை இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைடை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் அந்த வேகம் தணிந்துவிடும். அதே நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடுவதால் எல்.டி.எல். நீர்த்துக் குறைவாகத் தெரியும். எஸ்.ஜி.ஓ.டி., சி.கே. என்ற இரண்டு நொதிகளும் எகிறியிருக்கும், அடிபட்ட தசையிலிருந்து வருவது அது. எனக்கு எஸ்.ஜி.ஓ.டி.யைப் பார்த்துக் கல்லீரல் கோளாறு என்று ஒருவர் சொல்ல, இரண்டு ராத்திரி தூக்கம் போனது. ஓடிய விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டெஸ்டுக்கு முந்தின நாள் ஓட வேண்டாம். இரவு விருந்து, மது வேண்டாம். 10 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும், தண்ணீர் குடிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே லேப்.

ரிப்போர்ட்டில் ஓட்டத்துக்கு நன்றாக மசிவது ட்ரைகிளிசரைடு. 150-க்குக் கீழே இருக்க வேண்டும். ஓடிவிட்டோமே என்று அசோகா அல்வாவும் மூன்று வேளைச் சோறும் தட்டு நிறையப் போனால் அதுவும் ஏறிவிடும். எச்.டி.எல். மெதுவாக, மாதக்கணக்கில் கொஞ்சம் உயரும்.

எல்.டி.எல். பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. என் அப்பா 51 வயதில் நடவு வயலிலேயே மாரடைப்பில் சாய்ந்தார். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பிய ஜிம் ஃபிக்ஸ், 1984-ல் 52 வயதில் ஓடும்போதே இறந்தார். இதயக் குழாய்கள் அடைத்திருந்தன. அவருடைய அப்பாவும் 43 வயதில் இதயநோயில் போனவர். வீட்டில் இப்படி ஒரு சாவு இருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் டாக்டரைப் பாருங்கள். அவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். தசைவலியோடு சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி நான் இப்போது டெஸ்ட் எடுக்கிறேன். வெயிலுக்காக நெடுந்தூரத்தை விட்டு ஒன்றரை மாதம் ஆகியிருக்கும்.