தொட்டி மாதுளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி ஃபோனில் ஒரு படம் அனுப்பினான். அவன் மாடி மாதுளையில் மூன்று காய்கள் பிளந்து கிடந்தன. "அக்கா, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." நேற்று எத்தனை வாளி ஊற்றினாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

வெயில் வேண்டும், தொட்டியில் ஓட்டை வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த கதை. விட்டுவிடுகிறேன்.

காயவிட்டு, பிறகு மொத்தமாக ஊற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும், முதலில் என் மேல்தான். இருபது அங்குலத் தொட்டியில் பகவா ரகம். மூன்றாம் வருஷம்தான் ஒன்பது காய் நின்றது. சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போய், நாலு நாள் கழித்துத் திரும்பினோம். இலையெல்லாம் தொங்கிவிட்டது. மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பாவம் பார்த்து ஒரு வாளி ஊற்றினேன். பாதித் தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே அடியில் ஓடிவிட்டது. சரி என்று இன்னும் இரண்டு வாளி. மறுநாள் காலை ஏழு காய் வெடித்து, சிவக்காத முத்துகள் பல்லிளித்தன. பழுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அணிலுக்கு விருந்து.

தண்ணீர் இல்லாதபோது காயின் தோல் இறுகிவிடும். திடீரென்று நீர் கிடைத்தால் உள்ளே முத்துகள் உப்பும், தோல் ஈடுகொடுக்காது. நிலத்து மரத்துக்கு ஆழத்தில் ஈரம் உண்டு. மே மாத மொட்டைமாடித் தொட்டியில் ஈரம் ஒரே நாள்தான் நிற்கும். போரான் சத்து குறைந்தாலும் காய் வெடிக்கும், உண்மைதான். ஆனால் போரான் பாக்கெட் வாங்க ஓடுகிறவர்கள் ஊற்றும் விதத்தை மட்டும் மாற்றவே மாட்டார்கள்!

பூவிலிருந்து பழம் வரை ஐந்தாறு மாதம். அத்தனை நாளும் ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். மண்ணின் மேல் காய்ந்த இலைச் சருகைக் கனமாகப் பரப்புங்கள். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தப்பித்தவறிக் காய்ந்துவிட்டால் முதல் நாள் செம்பு செம்பாக, மண் ஊற ஊற, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். காய்ந்த தொட்டியில் கோடை மழை கொட்டினாலும் இதே கதைதான்.

பூ உதிர்கிறதென்று உரம் போடுவது

உதிர்ந்த பூவைப் பொறுக்கி அடியைப் பாருங்கள். அடி குடம் போல் பருத்திருப்பதுதான் காயாகும். குறுகி மணி போல் இருப்பது ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். இது தெரியாமல் ஒரு பிடி யூரியா போட்டேன். அப்புறம் வந்ததெல்லாம் இலை, இலை, இலை.

விதை போட்டு வளர்ப்பது

வேண்டாம். தின்ற பழம் மாதிரியே வராது. பதியன் கன்று, அதாவது தாய்ச்செடியின் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த கன்று, வாங்குங்கள்.

அடித்தளிரை விட்டுவைப்பது

செடியின் அடியிலிருந்து புதிதாகக் கிளம்பும் தளிர்களை வெட்டுங்கள். மூன்று நான்கு தண்டு போதும்.

காயை மூடாமல் விடுவது

ஒரு வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைக்கும். புழு உள்ளே போனபின் வெளியே தெரிவது சின்ன ஓட்டையும் அதன் வாயில் கொஞ்சம் எச்சமும்தான். அந்தக் காயைப் பறித்து அழித்துவிடுங்கள், செடியடியில் போடாதீர்கள். மற்றவை எலுமிச்சை அளவு வருவதற்குள் துணிப்பை கட்டிவிட வேண்டும். எங்கள் மாடியில் மாமனாரின் பழைய வேட்டிதான், காய்க்கு ஒரு துண்டு.