பனடோல் கூடிப்போனால் எட்டு மணித்தியாலம்தான் கணக்கு

பனடோல் குளிசை ஒன்றில் பரசிற்றமோல் என்ற மருந்து 500 மில்லிகிராம் இருக்கிறது. 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு ஒருமுறைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இதே பரசிற்றமோல்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள்தான் தெரியாமல் அளவைத் தாண்டுகிறார்கள். மட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

கூடப் போட்டவர் முதல்நாள் சத்தி எடுப்பார், அல்லது சும்மா நடந்து திரிவார். ஏமாற்றுவது அந்த நாள்தான். கண் மஞ்சளாக இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதற்குள் ஈரல் பழுதாகிவிடும். மாற்றுமருந்தான அசிற்றைல்சிஸ்டீனை எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். பிந்தினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

முல்லைத்தீவில் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் நடந்தால் விடியற்கால பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வெறும் மட்டை, எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு என்ற விவரம் கையில் இருக்கட்டும். உப்புத்தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். வேண்டுமென்றே விழுங்கியவரென்றால் ஏச்சு வேண்டாம், தனியே விடவும் வேண்டாம்.

இன்னொன்று: டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலுக்கு டைக்குளோபினாக், புரூபன், அஸ்பிரின் போன்ற நோவுக் குளிசைகள் போடக்கூடாது. இரத்தக்கசிவு கூடும்.