இதயப் படத்தில் இடம் வலம் மாறினால்: உயிரியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் மாலையில் ட்யூஷன் எடுக்கிறேன். கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். ஜூனில் பள்ளி திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வயதில் நான் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் படி, கையெழுத்தைத் திருத்து என்பதெல்லாம் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

படத்தைக் கோலம் போல மனப்பாடம் செய்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஓணப் பரீட்சையில் இதயத்தை அச்சு அசலாக வரைந்தேன். பெயர் குறிக்கும்போது வலது வெண்ட்ரிக்கிளை, அதாவது இதயத்தின் வலது கீழறையை, என் வலது கைப் பக்கம் எழுதினேன். அந்த ஒரு பிழையோடு நிற்கவில்லை. வலப் பக்கத்து மூவிதழ் வால்வு இடப் பக்கத்து ஈரிதழ் வால்வின் இடத்துக்குப் போனது, உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பியது, அடுத்த கேள்வியில் இரத்த ஓட்டமே தலைகீழானது. ஏன் தவறு என்று யாரும் சொல்லவில்லை. பத்து முறை வரைந்து வரச் சொன்னார்கள். பத்து முறையும் தவறாகவே வரைந்தேன்.

போன வாரம் ஒரு பையன் அதையே செய்துவிட்டு, “டீச்சர், வலது பக்கம் வலதுதானுங்களே?” என்றான். எதிரே ஒருவனை நிறுத்தி வலது கையைத் தூக்கச் சொன்னேன். இவனுக்கு இடப் பக்கம் கை உயர்ந்தது. படத்தில் இருப்பதும் எதிரே நிற்பவரின் இதயம்தான்.

அதோடு விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்குங்கள். நம் இதயம் போலவே அதற்கும் நான்கு அறைகள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் கெட்டியாக நிற்கும். கெட்டியானது இடது வெண்ட்ரிக்கிள். தலை முதல் கால் வரை இரத்தத்தைத் தள்ளுவது அதுதான். வலது வெண்ட்ரிக்கிளுக்கோ, பக்கத்திலிருக்கும் நுரையீரல் வரை அனுப்பினால் போதும், அதனால் சுவர் மெல்லிசு. பெருந்தமனிக்குள் ஒரு ஈர்க்குச்சியை மெதுவாக விட்டால் அது கெட்டியான பக்கத்து அறைக்குள் போய் இறங்கும். ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் பக்கம் மாற்றி எழுதி நான் பார்த்ததில்லை.

தமனி என்றால் சுத்த இரத்தம் என்று எழுதுவது

இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை. ஆக்ஸிஜனை வைத்துப் பிரித்தால் நுரையீரல் தமனியிடம் மாட்டிக்கொள்வீர்கள். அதில் ஓடுவது ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம்.

செடி பகலில் சுவாசிக்காது என்பது

சுவாசிக்கும். இரவும் பகலும்.

கலைச்சொல்லை ஒரு மொழியோடு நிறுத்திவிடுவது

பிளஸ் ஒன் போனதும் பாடம் ஆங்கிலத்தில், பக்கத்து பெஞ்சில் பேச்சு மலையாளத்தில். நாம் செல் என்பதை அவர்கள் கோசம் என்பார்கள். தமனிக்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல். ஆனால் ஒளிச்சேர்க்கை என்று மட்டும் தெரிந்த பிள்ளை ஃபோட்டோசிந்தசிஸ் என்றதும் புதுப் பாடம் என்று மிரண்டுவிடுகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று பத்தி போட்டு இப்போதே எழுதி வாருங்கள்.

வினாத்தாள் வந்ததும் எழுதப் பாய்வது

முதல் 15 நிமிடம் வாசிக்கத்தான் கொடுக்கிறார்கள். வாசியுங்கள்.

கண்ணெதிரே இருப்பதை விட்டுவிடுவது

சித்தூர் வட்டாரத்தில் கள் இறக்குவதைப் பார்க்காத பிள்ளை இருக்காது. பானையில் நுரை ஏன் பொங்குகிறது என்று கேட்டால் மட்டும் முழிக்கிறார்கள். ஈஸ்ட் ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையைச் சிதைக்கிறது, ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடும் வருகின்றன. அந்த வாயுதான் நுரை. காற்றில்லாச் சுவாசத்துக்கு உதாரணம் கேட்டால் தாராளமாக இதையே எழுதலாம்.