சூப்பராக வளரும் குளோன்தான் சந்தேகத்துக்குரியது

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, இந்த ஒரு குளோன் மட்டும் சூப்பரா வளருது" என்றாள். குளோன் என்றால் ஒரே செல்லிலிருந்து பெருகிய செல் கூட்டம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். தண்டுசெல்லில் புற்றுநோயை உருவாக்கிப் படிக்கும்போது செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். மைக்கோபிளாஸ்மா (வளர்ப்புச் செல்லில் தொற்றும் பாக்டீரியா) சோதனை, கையுறை எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும், விட்டுவிடுகிறேன்.

வேகமாக வளர்வதைத் தேர்ந்தெடுப்பது

ஐபிஎஸ் செல்லில் (வளர்ந்தவரின் செல்லைத் திருப்பி உருவாக்கிய தண்டுசெல்) கிறிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியை வைத்து ஒரு புற்றுநோய் மரபணு மாற்றத்தைப் புகுத்தினேன். பிழைத்த குளோன்களில் வேகமான இரண்டை எடுத்தேன். மூல செல்லைவிட அவை வேகமாகப் பெருகின. நான் புகுத்திய மாற்றத்தின் வேலைதான் என்று எட்டு மாதம் கொண்டாடினேன்.

உண்மையில் 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு துண்டு இரட்டித்திருந்தது. செல்லைச் சாகவிடாத பிசிஎல்2எல்1 மரபணு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. கேரியோடைப் (குரோமோசோம்களைச் சாயமிட்டுப் பார்க்கும் சோதனை) அறிக்கை 'இயல்பு' என்றே வந்திருந்தது. பட்டைச் சாயத்தில் இவ்வளவு சிறிய துண்டு கண்ணில் படாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்குக் கொட்டிய பணம் போனது போனதுதான்.

பி53 (டிஎன்ஏ பழுதானால் செல்லைத் தடுக்கும் காவல் மரபணு) விஷயம் இதைவிட மோசம். கத்தரி டிஎன்ஏவை வெட்டியதும் பி53 விழித்துச் செல்லை நிறுத்தும், சில வேளை கொல்லும். பி53 ஏற்கெனவே பழுதான செல் மட்டும் ஜாலியாகப் பெருகும். ஆக, திருத்தும் வேலையே கெட்டதைப் பொறுக்கி எடுக்கிறது. 2018இல் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. திருத்தாத செல்லும் சுத்தம் என்று சொல்ல முடியாது: 2017இல் 140 மனிதக் கருத் தண்டுசெல் வரிசைகளைப் பார்த்ததில் ஐந்தில் பி53 மாற்றம் இருந்தது.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது ஒப்பீட்டுச் செல்தான். கிறிஸ்பரை உள்ளே செலுத்தக் கொடுக்கும் மின்னதிர்ச்சியே படாத மூல செல்லோடு ஒப்பிட்டுவிட்டேன். அதே அதிர்ச்சியைத் தாங்கி, திருத்தப்படாமல் வெளிவந்த குளோன்தான் சரியான ஜோடி. இரு பக்கமும் மூன்று குளோனாவது வையுங்கள். திருத்தியவுடன் பி53 முழுவதையும் வரிசைப்படுத்துங்கள்; 20ஆம் குரோமோசோமுக்குத் தனியாக க்யூபிசிஆர் (டிஎன்ஏ துண்டின் நகல்களை அளக்கும் சோதனை) போடுங்கள்; பத்துப் பாசேஜுக்கு (செல்லைப் புதுத் தட்டுக்கு மாற்றுவது) ஒருமுறை மறுபடியும் பாருங்கள். முடிந்தால் மாற்றத்தைத் திரும்பச் சரிசெய்து, வேகமும் குறைகிறதா என்று பாருங்கள்.

எலியில் கட்டி வந்தது என்று குதிப்பது

உருமாறாமல் மிஞ்சிய தண்டுசெல்லே டெரட்டோமா (பலவகைத் திசு கலந்த கட்டி) உண்டாக்கும்; அது நீங்கள் புகுத்திய மாற்றத்தின் வேலை அல்ல. வெட்டிப் பார்த்தால் குருத்தெலும்பு இருக்கும். ஊசி போடும் முன் ஆக்ட்4 (தண்டுசெல்லின் அடையாளப் புரதம்) இருக்கிறதா பாருங்கள்.

வயதானவர் நோய்க்குக் கருவின் செல்

ஐபிஎஸ் செல்களிலிருந்து வரும் நியூரான் முதிராதது, கருவில் இருப்பதைப் போன்றது. குழந்தைப் பருவக் கட்டிகளுக்குப் பொருந்தும். எழுபது வயதுக்காரரின் கட்டிக்கு யோசியுங்கள்.

ஒரே நோயாளி

ஒருவரின் செல்லை மட்டும் வைத்து முடிவு சொல்லப் போதாது.

மாணவியின் குளோன் இப்போது நைட்ரஜன் தொட்டியில். பி53 வரிசை வியாழக்கிழமை வரும்.