பிணையாளரே ஆளைப் பிடிக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிணையில் வந்தவர் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானதும், அவருக்காகப் பிணை நின்றவர் பதறியடித்து வழக்கறிஞரிடம் ஓடி வருகிறார். "எங்கிருந்தாலும் நீங்களே பிடித்துக் கொண்டு வந்துவிடுங்கள்" என்று ஓர் இளம் வழக்கறிஞர் சொல்லி அனுப்பியதை அண்மையில் கேட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் சொன்னேன். மனுவில் தேதி மாறுவது, நகல் விட்டுப்போவது போன்ற பிழைகளை அனுபவமே திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தாமே கைது செய்வது

அன்று என்னிடம் வந்தவர் ஒரு தையற்காரர். மோசடி வழக்கில் சிக்கிய அக்காள் மகனுக்குத் தம் வீட்டுப் பத்திரத்தைக் காட்டிப் பிணை நின்றவர். என் பேச்சை நம்பி, இரு உறவினர்களுடன் வாடகைக் காரில் ஒசூர் சென்று, விடுதியில் தங்கியிருந்த அவனை இழுத்து வந்து, நீதிமன்ற விடுமுறை முடியும்வரை இரண்டு நாள் மாடியறையில் பூட்டி வைத்தார். திங்கட்கிழமை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டதும் அவன், தன்னைக் கடத்தி அடைத்து வைத்ததாகப் புகார் சொன்னான். பிணை நின்றவர் குற்றம் சாட்டப்பட்டவரானார். அந்த வழக்கிலிருந்து அவர் மீள ஆறு ஆண்டுகள் ஆயின. சட்டப் புத்தகத்தைத் திறக்காமல் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது. அதே வார்த்தையை இன்றும் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1872இல், டெய்லர் எதிர் டெயின்டர் வழக்கில், தப்பியவரைப் பிணையாளர் வேறு மாநிலத்திலும் பிடிக்கலாம் என்று சொன்னது. தப்பியவர்களைப் பணத்துக்காகத் தேடிப் பிடிப்பவர்களாகப் படங்களில் பார்க்கும் தனியார் வேட்டைக்காரர்களின் தொழில் அந்த அடிப்படையில் வளர்ந்தது. அங்கேயே கென்டக்கி, இல்லினாய், ஓரிகன் போன்ற மாநிலங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் வணிகப் பிணையை ஒழித்துவிட்டன.

இந்தியாவில் பிணையாளருக்கென்று தனியான கைது அதிகாரம் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, தன் கண் முன்னே பிணையில் விட முடியாததும் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைச் செய்பவரையோ, அறிவிக்கப்பட்ட குற்றவாளியையோ மட்டுமே தனிநபர் கைது செய்யலாம். அவரையும் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வாய்தாவுக்கு வராததால் மட்டுமே ஒருவர் அறிவிக்கப்பட்ட குற்றவாளி ஆவதில்லை. 84ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அறிவிப்பு வெளியிட்டு, ஆஜராகக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, அதன் பிறகும் வராவிட்டால்தான், அதுவும் பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றமானால்தான், உரிய விசாரணைக்குப் பின் அவ்வாறு அறிவிக்க முடியும். சாதாரண மோசடி வழக்கு இந்த வரம்புக்குள் வருவதே இல்லை.

பிணையாளருக்குச் சட்டம் தரும் வழி 489ஆம் பிரிவு. பிணைமுறியிலிருந்து, அதாவது பிணை நின்றபோது எழுதிக் கொடுத்த பத்திரத்திலிருந்து, தம்மை விடுவிக்குமாறு அவர் எந்த நேரத்திலும் நடுவரிடம் மனு கொடுக்கலாம். கொடுத்தால், நடுவர் பிடியாணை பிறப்பித்தாக வேண்டும். ஆள் கொண்டுவரப்பட்டதும் பிணையாளர் விடுவிக்கப்படுவார். வேறு பிணை தராவிட்டால் அந்த நபர் சிறைக்கு அனுப்பப்படலாம். தொலைபேசி அணைந்து, முகவரி மாறி, ஆள் நழுவப் பார்க்கிறார் என்ற சந்தேகம் எழும் அன்றே இந்த மனுவைப் போடுங்கள். பிணைமுறி பறிமுதலாகி, அதில் ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டும் பொறுப்பு விழுந்த பிறகு போடும் மனு, ஏற்கெனவே விழுந்த பொறுப்பைத் துடைக்காது.

பிடியாணை நகலை அதிகாரமாக நினைப்பது

பிடியாணை யாருக்கு விடுக்கப்பட்டதோ அவரே அதை நிறைவேற்ற வேண்டும். 75ஆம் பிரிவின்கீழ் நடுவர் தனிநபருக்கும் அதை விடுக்கலாம். ஆனால் எழுத்து மூலம் பெற்றுக்கொண்ட அந்த நபர், தம் பொறுப்பிலுள்ள இடத்துக்குள் வந்தவரையே பிடிக்க முடியும்.

காவலரை முந்திக்கொள்வது

தப்பியவர் இருக்கும் இடத்தைக் காவல்துறைக்குக் காட்டுங்கள். தாமாகக் கை வைக்காதீர்கள்.

வெளிமாநிலம் என்று கைவிடுவது

பிடியாணை இந்தியா முழுவதும் செல்லும்.

நீதிமன்ற அறிவிப்புக்குப் பதில் தராதிருப்பது

பிணைமுறி பறிமுதலானால், 491ஆம் பிரிவின்கீழ் காரணம் கேட்டு அறிவிப்பு வரும். ஆளைத் தேட என்னென்ன செய்தீர்கள், காவல்துறைக்கு எப்போது தகவல் கொடுத்தீர்கள் என்பதை ஆதாரத்துடன் எழுதினால், தொகையின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பதிலே தராமல், தொகையும் வசூலாகாவிட்டால், பிணையாளர் உரிமையியல் சிறையில் ஆறு மாதம் வரை வைக்கப்படலாம்.